கிழங்கு சுட்ட கிரகப்பிரவேசம்

போன சித்திரை மாதக் கடைசி வாரத்தில் என் மகளின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அழைத்தவர்கள் நூற்று அறுபது பேர். வந்தவர்கள் நூற்று முப்பத்தொரு பேர். வீட்டில் இருந்த தண்ணீர் ஏழு கேன், கேனுக்கு இருபது லிட்டர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானச் சாப்பாடு போட முடியுமா என்பதுதான் அன்றைக்கு எங்கள் முன்னால் நின்ற கேள்வி. முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை என் மனைவி ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இது என் பக்கம்.

வீடு ஓசூரிலிருந்து பாகலூர் போகும் வழியில், புதிதாகப் பிரித்த ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. மொத்தம் எண்பத்து நான்கு மனைகள். பதினேழில்தான் வீடு எழும்பியிருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள், இன்னொரு பக்கம் தக்காளித் தோட்டமும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகளும், அதற்கும் அப்பால் கர்நாடகம். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று நம் செல்போனுக்கே அங்கே குழப்பம். சமையலறையில் ஒரு மாநிலம் காட்டும், வாசலில் இன்னொரு மாநிலம் காட்டும்.

அந்த மனையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். முப்பத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். வருகிற பாகம் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. மனையையும் அப்படித்தான் பார்த்தேன். பஸ் நிறுத்தம் நடந்து எண்ணினால் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. மருந்துக் கடை அறுநூற்று ஐம்பது எட்டு. போர்வெல் மோட்டாரை ஓடவிட்டு, பதினைந்து லிட்டர் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துக் கடிகாரத்தோடு நின்றேன். பத்தொன்பது நொடியில் நிறைந்தது. சந்தேகம் தீர இருபது குடம் பிடித்தேன். இருபதும் பத்தொன்பது நொடிக்கும் இருபத்தொரு நொடிக்கும் நடுவில். இவ்வளவு சீரான போரை நான் பார்த்ததில்லை என்று மகளிடம் சொன்னேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் அளந்தது கார்த்திகை மாதம். மழை நின்று பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. குடத்தை எண்ணியவன் மாதத்தைப் பார்க்கவில்லை.

மகளின் மாமியார் அப்போதே சொன்னார். அவரை இனிச் சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன். கணவர் காலமானபின் தேன்கனிக்கோட்டைச் சாலையில் தன் சொந்த வீட்டில், மகனும் மருமகளும் உடனிருக்க, ஏழு வருடமாகக் குடும்பத்தை நடத்தி வந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் திருத்த ஒன்றும் இருக்காது.

“அண்ணா, அது பாறை மேடு. கீழ பூரா கருங்கல்லு. வெயில் காலத்துல அங்க மாடுகூட மேயாது.”

“இருபது கொடம் புடிச்சுப் பாத்தேன், சம்பந்தியம்மா.”

“செரி. கட்டுங்க. ஆனா பால் காய்ச்சற அன்னிக்கே தண்ணி இல்லன்னு ஆச்சுன்னா, அந்த வூட்டுல புள்ளைங்களக் குடித்தனம் வைக்க வுட மாட்டேன். கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு வுட்டுட்டு எங்கூடவே இருக்கட்டும்.”

மருமகன் தலையாட்டினார். அவர் அம்மா சொன்னாலும் தலையாட்டுவார், என் மகள் சொன்னாலும் தலையாட்டுவார். இரண்டு ஆட்டலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. ஏழு வருடமாக என் மகள் சமைத்த சமையலறையில் எந்த டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்ததில்லை. ஷிப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு தடவைக்காகத்தான் நான் இருபது குடம் எண்ணினேன்.

இங்கே என் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றபின் இரண்டு வருடமாக, ஆதி மனிதர்கள் வறண்ட நிலத்தில் எப்படிப் பிழைத்தார்கள் என்பதையே நூலகத்தில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாது என்று ஆன வருடம் தொடங்கிய கவலை அது. இவ்வளவு வெயிலை மனிதன் முன்பே பார்த்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பார்த்திருக்கிறான். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவில் காடு சுருங்கி நிலம் காய்ந்தபோது நம் முன்னோர்கள் அதிலேயே இருந்திருக்கிறார்கள். நிமிர்ந்து நடந்ததால் உச்சி வெயில் முதுகு முழுவதும் விழாமல் தலையிலும் தோளிலும் மட்டும் விழுந்தது. உடம்பில் மயிர் குறைந்து வியர்வை பெருகியது. வற்றி ஊறும் நீர்நிலைகளுக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். நிலத்துக்கு மேலே எதுவும் இல்லாதபோது குச்சியால் தோண்டிக் கிழங்கு எடுத்தார்கள். நெருப்பு கைக்கு வந்ததும் அதைச் சுட்டார்கள். இன்னும் பிற்காலத்தவர்கள் தீக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் சேர்த்து வைத்தார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் படித்துக் காட்டும்போது என் மனைவி கேட்பாள். “அவங்க எல்லாம் பொழச்சிட்டாங்க, தெரியுது. நீங்க மோட்டார அணைச்சீங்களா?”

கிரகப்பிரவேசம் விடியற்காலை நாலரைக்கு. பசுமாடு வந்தது. பூஜை நடந்தது. பால் பொங்கி மூன்று பக்கம் வழிந்தது. கிழக்குப் பக்கம் வழிந்தது நல்லது என்றார்கள், மற்ற இரண்டு பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாட்டுக்குக் குழாயில் பிடித்து ஒரு வாளித் தண்ணீர் வைத்தோம். குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு வாளி வைத்தோம். அதையும் குடித்தது. என் கணக்கில் மாடே இல்லை. ஏறக்குறைய இருபத்திரண்டு லிட்டர் போனபிறகுதான் அதைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆறு நாற்பதுக்குப் போர்வெல் இருமியது. எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. குழாயில் இரண்டு முறை செம்மண் கலந்த தண்ணீர் துப்பியது, பிறகு காற்று. நான் மோட்டாரை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி போட்டேன். காற்று. அப்படி நான்கு முறை.

முதல் நாளே டேங்கர் லாரிக்குச் சொல்லி வைத்திருந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். மருமகன் போன் செய்தார். டிரைவர் கன்னடத்தில் சொன்னார். “பர்த்தீனி சார், அர்த்த கண்ட்டே.” வருகிறேன், அரை மணி நேரம். நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஒன்பதரை மணிக்குள் ஐந்து கோடு ஆகிவிட்டது.

சமையல்காரர் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுகிறவர். ஏற்கெனவே வாழ்க்கையில் போதுமான அளவு பார்த்துவிட்டவர் போன்ற முகம்.

“சார், அரிசி களுவணும். பருப்பு வேகணும். சாம்பாரு, ரசம், கூட்டு. பாத்திரம் களுவறது வேற. ஆறுநூறு லிட்டர் இல்லாம நான் ஏன் மாடலி? சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?”

“நூத்தி நாப்பது இருக்கு.”

“அது எனக்கும் என் ஆளுங்களுக்கும் கை களுவவே காணாது.”

சம்பந்தியம்மா கூடத்தில் நாற்காலி போட்டு, பட்டுப் புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டார்.

“சாப்பாடு எத்தன மணிக்குங்க அண்ணா?”

“பன்னெண்டரை.”

“செரி.”

அந்தச் ‘செரி’க்கு என் மகள் சமையலறை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல் நான் எழுத எதுவும் மிச்சமில்லை. புது வீட்டுக்கு அவள் வாங்கி வைத்திருந்த டப்பாக்கள் பதினாறு, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் நின்றன.

மருமகனைக் கேன் தண்ணீர் தேட பைக்கில் அனுப்பினேன். அவர் போன நேரத்தில் மத்தூரிலிருந்து என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, தாய்மாமன் சீரோடு மினி லாரியில் வந்து இறங்கினான். தட்டுகள் பதினொன்று. செந்தூரா மாம்பழம் மட்டும் நான்கு தட்டு, மாங்காய் ஒரு தட்டு. மேளக்காரர் இல்லாத குறையை வண்டியின் ஹாரன் தீர்த்தது. தட்டுகளை இறக்கிய பிறகும் பின்னால் மூன்று மூட்டைகள் இருந்தன.

“மூட்டையில என்ன மாப்ள?”

“மரவள்ளிக் கெழங்கு மாமா. வண்டி எப்படியும் வருது, நாளைக்குக் காலையில உழவர் சந்தையில போட்டுட்டுப் போயிரலாம்னு ஏத்திக்கிட்டேன். ஏன் மாமா, என்னை அப்படிப் பாக்கறீங்க?”

நான் அவனைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தேன். நிலம் காய்ந்து கிடக்கும்போது நிலத்துக்கு அடியில் தண்ணீரையும் மாவையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும் பொருள் மூன்று மூட்டை என் வாசலில் வந்து நிற்கிறது. இரண்டு வருடம் படித்தது அன்றைக்கு என் கண்ணெதிரே சாக்குப் பையில் கட்டப்பட்டு இருந்தது.

அதே நேரத்தில் மருமகன் திரும்பி வந்தார். கேன் எங்கேயும் இல்லை. வெறுங்கையோடு வரப் பயந்து, ரோட்டோரக் கடையில் இருந்த தர்பூசணி முழுவதையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முப்பத்தாறு பழம்.

“தண்ணி கெடைக்கல மாமா. இதுதான் இருந்துச்சு.”

“இதுதான் மாப்ள தண்ணி,” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை மூன்று மணியிலிருந்து எதுவும் சாப்பிடாத சிரிப்பு அது. நிறுத்த முடியவில்லை. மைத்துனனும் காரணம் தெரியாமல் சிரித்தான். மருமகன் தலையாட்டினார்.

சமையல்காரரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னேன். கேன் தண்ணீர் குடிக்க மட்டும். ஆளுக்கு நான்கு சின்னக் கிளாஸ். கிழங்கைத் தணலில் சுடுகிறோம், தண்ணீர் வேண்டாம். தொட்டுக்கொள்ள மாங்காய், பச்சை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து இடித்த காரம், தண்ணீர் வேண்டாம். நாற்பது லிட்டர் பால் இருக்கிறது, சேமியாவைப் பாலிலேயே வேகவிட்டுப் பாயசம். தயிர் இருக்கிறது. பிறகு தர்பூசணி, மாம்பழம்.

“சார், நான் கல்யாண வூட்டு சமையல்காரன். கெழங்கு சுட்டுப் போட்டேன்னு தெரிஞ்சா அப்பறம் யாரு கூப்புடுவாங்க?”

“நெருப்பு வந்த நாள்ல இருந்து மனுசன் பண்ணின மொதச் சமையல்ல இதுவும் ஒண்ணு. லட்சக்கணக்கான வருசமாச்சு.”

“அவங்களுக்கு பந்தி உண்டா சார்? இல்ல. நமக்கு உண்டு.”

சொன்னாரே தவிர எழுந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கட்டிட வேலைக்கு முட்டுக் கொடுத்த தைலமரக் கொம்புகள் இருபத்தாறு பின்பக்கம் கிடந்தன. பக்கத்துக் காலி மனையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, கொம்புகளை அடுக்கித் தீ வைத்தோம். பந்தலைப் பிரித்து, பூங்காவுக்கு என்று விட்டிருந்த மனையில் நின்ற மூன்று புங்க மரங்களின் கீழே நாற்காலிகளை மாற்றினோம். வெயில் நேரத்தில் நிழலைவிட்டு அசையாமல் இருப்பது பழைய உத்தி என்று நாற்காலி தூக்கியவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு ஐந்துக்கு முதல் கிழங்கை மண்வெட்டியால் இழுத்தோம். மேலே கரி, உள்ளே வெள்ளை. சுற்றி நின்றவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். யாரும் கை நீட்டவில்லை. கிழங்கில் விஷம் ஏறிய ரகம் உண்டு, ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் ரகம் அது, ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். நான் மைத்துனனிடம் ஏற்கெனவே நான்கு முறை கேட்டிருந்தேன். ஐந்தாவது முறையாகக் கேட்டேன்.

“இது திங்கற ரகம்தானே?”

“ஐயோ மாமா, என் புள்ளைங்க தெனமும் திங்குதுங்க. எழுதிக் குடுக்கட்டுமா?”

எழுதிக் கொடுத்தாலும் எனக்குப் போதாது. முப்பத்து நான்கு வருடம் சோதிக்காமல் ஒரு பாகத்தையும் நான் வெளியே விட்டதில்லை. புது இடத்துக்குப் போன ஆதி மனிதர்கள் புதுக் கிழங்கை எப்படிச் சோதித்திருப்பார்கள் என்று யோசித்தேன். யாரோ ஒருவன் முதலில் தின்றிருக்க வேண்டும். மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது புத்தகத்தில் இல்லை, என் ஊகம்.

“நான் திங்கறேன்,” என்றேன். “இருபது நிமிசம். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா எல்லாரும் சாப்பிடலாம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

பாதிக் கிழங்கு தின்றேன். புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அறுபது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகனின் கூட்டாளி ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். மூன்றாவது நிமிடம் ஒன்றுமில்லை. ஆறாவது நிமிடம் நெற்றி வியர்த்தது. வியர்ப்பது நம் இனத்தின் சிறப்பு என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒன்பதாவது நிமிடம் புங்க மரம் லேசாக இடப்பக்கம் நகர்ந்தது.

“ஒன்பது,” என்றேன். “கிறுகிறுங்குது.”

கூட்டம் ஒரே அடியாகப் பின்வாங்கியது. மைத்துனன் என் காலைப் பிடித்துக்கொண்டான். “மாமா, சத்தியமா நல்ல ரகம் மாமா.” மகள் ஓடி வந்தாள். யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பட்டுப் புடவை வந்தது. காலையிலிருந்து முதல் முறையாகச் சம்பந்தியம்மா கூடத்தைவிட்டு வெளியே வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“காப்பி?”

“மறந்துட்டேன்.”

“பசிக்கும் வெசத்துக்கும் வித்தியாசம் தெரியல. இவரு சோதிச்சு நாம திங்கணுமாம்.” ஒரு கிளாஸ் தயிரில் உப்புப் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தார். பிறகு என் மடியில் இருந்த மீதிப் பாதிக் கிழங்கை எடுத்து, கரியைத் தட்டிவிட்டு, நின்றபடியே தின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“வெசம் இல்ல. வேகலதான் கொஞ்சம். எவன் இத நெருப்புல போட்டவன்? நெருப்புல போட்டா மேல கருகும், நடுவுல பச்சையா நிக்கும். நெருப்ப ஒதுக்கிட்டுச் சாம்பலுக்குள்ள பொதைக்கணும்.”

சமையல்காரர் என்னைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு வேலை இல்லை. சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தணலை ஒரு பக்கம் தள்ளச் சொன்னார். சாம்பலை விரிக்கச் சொன்னார். கிழங்கை அடுக்கி மேலே சாம்பல், அதன் மேலே மண், அதன் மேலே மறுபடி தணல். வாழை இலைக்குத் தண்ணீர் தெளிக்காதீர்கள், துணியால் துடையுங்கள் என்றார். கை கழுவ வருகிறவர்களுக்கு ஆறின சாம்பலும் ஒரு பழைய வேட்டியும் வைத்தார். அவர் பிறந்த ஊர் அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமம் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சின்போது சொன்னார்கள், நானும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே எப்படி இருந்தார் என்று இந்த ஏழு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“வெயில் காலத்துல எங்க ஊரு ஓடையில மணலத் தோண்டி உக்காந்துக்குவோம் அண்ணா. ஒரு கொடம் ஊற அரை நாளு. அது வரைக்கும் இந்தக் கெழங்குதான். இது தண்ணி கேக்காது, வயிறு நெறஞ்சிரும்.”

“அதேதான்,” என்றேன் பரபரப்பாக. “ஆதி மனுசங்களும் அப்படித்தான் சம்பந்தியம்மா. வத்தின ஓடைக்கே திரும்பத் திரும்ப வந்து…”

“என்ன, என்னை ஆதி மனுசிங்கறீங்களா?”

மனைவி என் முழங்கைக்கு மேலே கிள்ளினாள். சம்பந்தியம்மாவின் மேல் உதட்டில் கரி மீசை போலப் படிந்திருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் மகள் அவரைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் திரும்பினாள், அவள் தோள் குலுங்கியது. “என்னடி?” என்றார் அவர். “ஒண்ணும் இல்லத்தே.” “உன் மூஞ்சியப் போயிக் கண்ணாடியில பாரு மொதல்ல.” மகளுக்கு இரண்டு கன்னத்திலும் கரி.

ஒரு மணிக்கெல்லாம் எல்லோர் முகத்திலும் ஏறிவிட்டது. பட்டுப் புடவைக்காரர்கள் பள்ளத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து கிழங்கை ஊதி ஊதி உரித்தார்கள். சமையல்காரர் உரலில் இடித்த மாங்காய்க் காரத்தை ருசி பார்த்தவர்கள் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்டார்கள். தண்ணீர் அங்கேதான் தாராளமாக இருந்தது. பாலில் வெந்த பாயசத்தை ஒருவர் மூன்று முறை வாங்கினார், அவர் முகத்தை மறக்கவில்லை. மருமகன் தர்பூசணியை வெட்டுகிற வேகத்துக்குப் பழம் போதவில்லை. யாரோ ஒருவர் தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வெயிலுக்கு நல்லது, நானும் ஒன்று கவிழ்த்துக்கொண்டேன்.

இரண்டரை மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து மகளின் கம்பெனி பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்ற பசி. மாவட்டத்துக்கு ஒரு பேச்சு. கிழங்கைப் பார்த்ததும் யார் அதிகம் தின்பது என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். எண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் ஏழு, என் மகளின் லைனில் வேலை செய்யும் ஒல்லியான பெண் எட்டு. அந்த நேரத்தில் மருமகனின் போன் அடித்தது. டேங்கர் டிரைவர். மருமகன் ஸ்பீக்கரில் போட்டார். டிரைவர் வாயைத் திறப்பதற்குள், காலைக் கதையைக் கேட்டுவிட்டிருந்த முப்பத்தெட்டுப் பேரும், காலையிலிருந்து அங்கேயே இருந்தவர்களும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள். “அர்த்த கண்ட்டே.” பிறகு டிரைவரும் சிரித்துவிட்டார். வழியில் வண்டி பழுதாகி நிற்கிறதாம், காலையிலிருந்து அரை அடி நகரவில்லையாம், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நாளைக்கு வருகிறேன் என்றார். இங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு, கிழங்கு எடுத்து வையுங்கள் என்றார்.

நான்கரைக்கு எல்லாம் ஓய்ந்தது. நான் கேன்களைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கேன் முழுதாகவும் இன்னொன்று முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகவும் மிச்சம். மூட்டையில் கிழங்கு இருபத்து மூன்று. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆள் தேடி வாசல்படி வரை வந்தேன். சம்பந்தியம்மா முன்வாசலில் தனியாக நின்று போர்வெல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சற்றுத் தள்ளி, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பெருக்காமல் நின்றாள். மருமகன் இருவருக்கும் நடுவில். பால் காய்ச்சிய நாளிலேயே தண்ணீர் இல்லை. அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. கிழங்கு சுட்டதால் பாறை இளகிவிடாது.

நான் போய் நின்றேன்.

“தப்பு என்னோடது சம்பந்தியம்மா. நீங்க சொன்னதுதான் சரி. நான் மழ முடிஞ்ச கையோட அளந்துட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குதிகாலும் கட்டை விரலும் ஒட்டி ஒட்டி, அடி அடியாக வைத்து நடந்தார். நான் எண்ணினேன், பதினான்கு. பிறகு குறுக்கே நடந்தார், ஒன்பது.

“இங்க வண்டி நிறுத்தறதா இருந்துச்சா?”

“ஆமாம்மா,” என்றார் மருமகன்.

“வண்டி வெளிய நிக்கட்டும். இங்க பூரா தொட்டி. மாடித் தண்ணி ஒரு சொட்டு ரோட்டுக்குப் போகக் கூடாது. மழையில பாதி வருசம், டேங்கர்ல பாதி வருசம். பாறைய வெட்டற ஆளு எங்க ஊர்ல இருக்கான், நான் கூட்டிட்டு வரேன். நான் இங்கயே நின்னு வெட்ட வைக்கறேன், இல்லன்னா ஏமாத்திட்டுப் போயிருவான்.” பிறகு என் மகள் பக்கம் திரும்பினார். “திங்கக்கெழம நல்ல நாளு. சாமான ஏத்திக்கிட்டு வந்துருங்க. அந்தப் பெரிய அண்டாவ மறக்காத, தண்ணி புடிச்சு வைக்க ஆவும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எனக்குக் கெழங்கு சுட்டு வைக்கணும், தெரியுதா?”

மகள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “மூஞ்சி கழுவிட்டு வரேன் அத்தே,” என்று உள்ளே ஓடினாள். மருமகன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் பதினான்கை ஒன்பதால் பெருக்கி, ஆழத்துக்கு எத்தனை அடி வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து உஸ் என்று காற்று. அதற்கப்புறம் என் மகள் சிரிக்கும் சத்தம், நிற்காமல், மூச்சுப் பிடித்துப் பிடித்து. சம்பந்தியம்மா கதவுப் பக்கம் திரும்பினார்.

“சாம்பல் இருக்குடி,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.